ஆள்வோரிடம் கணக்குக் கேட்ட அடியார்

தலைநகரில் குடியேறி வாழும் நம்முள் பலர் தென் தில்லியில் ஆண்ட்ரூஸ் கஞ்ச் என்னும் பகுதியை நாள்தோறும் கடந்து செல்கின்றோம். அப்பெயர் நம் செவிக்கு நன்கு பழகிய பெயர். ஆயினும், அப்பெயருக்கு உரியவர் யாவர் என்று நம் பிள்ளைகள் வினவினால், விடை கூறத் தயங்குவோரே நம்முள் மிகுதி. பழங்காலத்து ஆங்கிலேயக் கவர்னர் ஒருவராக இருக்கக்கூடும் என்று எண்ணுவோரும் உளர். உண்மை அதற்கு நேர்மாறானது. அவர் நம் நாட்டில் ஆட்சி புரிந்தவர் அல்லர்; ஆட்சி புரிந்தோரிடம் கணக்குக் கேட்டவர். தம்மவர் செய்த பிழைக்குத் தாமே பிணையாகி நின்றவர். தீனபந்து என்று இந்நாட்டு மக்கள் அன்புடன் அழைத்த சார்லஸ் பிரீர் ஆண்ட்ரூஸ் என்னும் அப்பெரியாரின் வரலாற்றை, நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் நினைவுகூர்வது பொருத்தமுடையது எனக் கருதுகின்றோம்.

மன்னன் முன் நின்று வழக்குரைத்தல் தமிழர்க்குப் புதியதன்று. பாண்டியன் அவையில் ஒற்றைச் சிலம்புடன் நின்ற கண்ணகியை நாம் அறிவோம். அது போன்றே விவிலிய நூலிலும் ஒரு வரலாறு உண்டு. தாவீது என்னும் மன்னன், தன் படைவீரன் ஒருவனுடைய மனைவியைக் கவர்ந்து, அவ்வீரனையும் போர்முனையில் மாளச் செய்தான். நாத்தான் என்னும் தீர்க்கதரிசி அரசவைக்குச் சென்று, ஏழை ஒருவனின் ஒரே ஆட்டுக்குட்டியைச் செல்வன் ஒருவன் பறித்த கதையைச் சொன்னார். அச்செல்வன் சாவுக்கு உரியவன் என்று மன்னன் வெகுண்டபோது, அவன் நீயே என்று அஞ்சாது உரைத்தார். மன்னன் தலை குனிந்தான். அரசனும் இறைவனுக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவன் என்னும் இந்நம்பிக்கை கிறிஸ்தவ சமயத்தின் பழைய வேர்களுள் ஒன்று. அவ்வேரில் கிளைத்த வாழ்வே ஆண்ட்ரூஸின் வாழ்வு.

இளமை

ஆண்ட்ரூஸ் 1871ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் இங்கிலாந்தில் நியூகாசில் நகரில் பிறந்தார். பர்மிங்ஹாம் நகரில் வளர்ந்தார். தந்தையார் ஒரு சிறு கிறிஸ்தவ சபையின் குரு. பிரிட்டிஷ் பேரரசின்மீது பெரும் பற்றுடையவர். இந்தியாவை ஆங்கிலேயர் ஆள்வது தெய்வ சித்தம் என்றே அக்குடும்பத்தார் நம்பியிருந்தனர். அத்தகைய இல்லத்தில் தோன்றிய மைந்தர் பிற்காலத்தில் அப்பேரரசையே கேள்வி கேட்பார் என்று எவர் எண்ணியிருப்பர்?

அவருடைய சிறு பிராயத்தில் நடந்த நிகழ்ச்சி ஒன்று இங்கே குறிக்கத்தக்கது. குடும்பத்தின் செல்வத்தை நிருவகித்து வந்த நண்பர் ஒருவர் அதனைச் சூதாட்டம் போன்ற பங்கு வியாபாரத்தில் இழந்துவிட்டார். குடும்பம் ஒரே நாளில் வறுமையுற்றது. அன்று குடும்பத்தாருடன் வழிபாட்டில் அமர்ந்த தந்தையார், மோசம் செய்த அந்நண்பரைச் சபிக்கவில்லை. அவருக்காக இறைவனை வேண்டினார். தமக்கு இழைக்கப்பட்ட தீங்கை மன்னித்துவிடுதல் என்னும் பாடத்தைச் சிறுவர் ஆண்ட்ரூஸ் அன்றே கற்றார். பிறருக்கு இழைக்கப்படும் தீங்கை மன்னிக்க நமக்கு உரிமையில்லை என்னும் மற்றொரு பாடத்தை அவர் பின்னர்க் கற்றார். இவ்விரு பாடங்களும் ஒருங்கே அமைந்ததுதான் அவருடைய வாழ்வின் தனிச்சிறப்பு.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பெம்பிரோக் கல்லூரியில் பயின்ற அவர், முதலாளி தொழிலாளி பிணக்கில் கிறிஸ்தவ சமயத்தின் கடமை யாது என்பது பற்றிக் கட்டுரை எழுதிப் பரிசு பெற்றார். பின்னர் ஆங்கிலத் திருச்சபையில் சேர்ந்து, 1897இல் குருப்பட்டம் ஏற்று, லண்டன் மாநகரின் தென்பகுதியில் ஏழைகள் நெருங்கி வாழ்ந்த வால்வொர்த் என்னுமிடத்தில் தொண்டு செய்தார். அவருடைய உயிர் நண்பர் பேசில் வெஸ்ட்காட் என்பார் தில்லியில் சமயப் பணி புரிந்து, 1900இல் வாந்திபேதி கண்டு மறைந்தார். நண்பர் விட்ட இடத்தைத் தாம் நிரப்பவேண்டும் என்னும் எண்ணம் ஆண்ட்ரூஸின் உள்ளத்தில் ஊன்றிற்று. 1904ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அவர் இந்திய மண்ணில் அடி வைத்தார். அந்நாளைத் தம் இரண்டாம் பிறந்த நாளாகவே அவர் பின்னர்ப் போற்றி வந்தார்.

தில்லியில்

அந்நாளில் செயின்ட் ஸ்டீபன் கல்லூரி காஷ்மீர் வாயிலருகே இருந்தது. அங்கு ஆசிரியராக அமர்ந்த ஆண்ட்ரூஸ், ஆளும் இனத்தாரின் செருக்கைக் கண்ணாரக் கண்டார். அச்செருக்கு சமயத் தொண்டர் கூட்டத்தையும் விட்டு வைக்கவில்லை என்பதே அவரை மிகவும் வருத்தியது. கல்லூரியின் முதல்வர் பதவி காலியானபோது, நெடுங்காலம் அங்குத் தொண்டாற்றிய சுசீல் குமார் ருத்ரா என்னும் வங்காளக் கிறிஸ்தவர் அதற்கு முற்றும் தகுதியுடையவராக இருந்தார். இந்தியர் ஒருவரின் கீழ் ஆங்கிலேயர் பணிபுரிவதா என்று சிலர் தயங்கினர். தமக்கு அப்பதவி வேண்டாமென்று மறுத்து, ருத்ராவையே அமர்த்தவேண்டும் என்று ஆண்ட்ரூஸ் உறுதியாக நின்றார். 1906இல் ருத்ரா முதல்வரானார். ஆண்ட்ரூஸ் அவர் கீழ் மகிழ்ச்சியுடன் பணி செய்தார். பிறரிடம் நீதி கேட்குமுன் தம் வீட்டு வாயிலில் அதனை நிலைநாட்டினார் என்பதற்கு இது சான்று. 1915இல் காந்தியடிகள் முதன்முறையாகத் தில்லிக்கு வந்தபோது தங்கியதும் அந்த ருத்ராவின் இல்லத்தில்தான்.

நேட்டாலில்

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் நாட்டுக்கு முதல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய கப்பல் 1860இல் சென்னைத் துறைமுகத்திலிருந்தே புறப்பட்டது. கரும்புத் தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் உழைத்தவர்களுள் தமிழர் பெருந்தொகையினர். ஒப்பந்தக் காலம் முடிந்தபின் அங்கேயே தங்க விரும்பியோர்மீது ஆண்டுக்கு 3 பவுன் தலைவரி விதிக்கச் சட்டம் இருந்தது. பதினாறு வயது கடந்த மகனுக்கும், பதின்மூன்று வயது கடந்த மகளுக்கும் தனித்தனியே வரி செலுத்தவேண்டும். கூலிக்காரன் மீண்டும் ஒப்பந்தத்தில் விழவேண்டும், அல்லது நாட்டை விட்டு ஓடவேண்டும் என்பதே அச்சட்டத்தின் உட்கருத்து. 1913இல் காந்தியடிகளின் தலைமையில் எழுந்த அறப்போரில், தமிழ்ப் பெண்கள் நேட்டாலின் நியூகாசில் நகருக்குச் சென்று சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தம் செய்யத் தூண்டிச் சிறை புகுந்தனர். சிறையில் நோயுற்று வெளிவந்து உயிர் நீத்த தில்லையாடி வள்ளியம்மையை நாம் மறவோம்.

அப்போருக்குப் பொருள் திரட்டிய கோகலேயிடம் ஆண்ட்ரூஸ் தம் சேமிப்பு முழுவதையும் அளித்தார். பொருளோடு ஆளும் வேண்டுமென்று கோகலே கேட்டபோது தாமே புறப்பட்டார். நண்பர் பியர்சனுடன் 1914ஆம் ஆண்டு ஜனவரித் தொடக்கத்தில் டர்பன் துறைமுகத்தில் இறங்கினார். காந்தி எங்கே என்று அவர் தேடியபோது, ஒப்பந்தக் கூலியைப் போலத் தலையை மழித்து, முரட்டு வெள்ளாடை அணிந்து நின்ற மெலிந்த உருவம் ஒன்றைச் சுட்டிக் காட்டினர். ஆண்ட்ரூஸ் குனிந்து அவர் பாதங்களைத் தொட்டு வணங்கினார். வெள்ளையர் ஒருவர் ஆசியர் ஒருவரின் காலைத் தொடுவதா என்று அந்நகரத்து ஆங்கிலேயர் சினந்தனர்.

காந்தியடிகளுக்கும் ஸ்மட்ஸ் தளபதிக்கும் இடையே நடந்த சமரசப் பேச்சில் ஆண்ட்ரூஸ் அயராது உழைத்தார். அந்நாட்களிலேயே இங்கிலாந்தில் அவருடைய அன்னையார் காலமானார். துயரை நெஞ்சில் அடக்கி, எடுத்த பணியை அவர் முடித்தார். 1914ஆம் ஆண்டின் நடுவில் நிறைவேறிய சட்டம் 3 பவுன் வரியை ஒழித்தது. நம் உறவினரின் வீட்டு வாயிலில் நின்ற வரி வசூலிப்பவனை விலக்கிய பெருமையில் ஆண்ட்ரூஸுக்கும் பங்கு உண்டு.

நேட்டாலில் அவர் கண்ட காட்சியொன்று அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. தோட்டத்திலிருந்து ஓடிவந்த கூலி ஒருவன், முதுகில் அடியின் தழும்புகளோடு அஞ்சி ஒடுங்கி நின்றான். அடுத்த ஆண்டு ஆண்ட்ரூஸ் கொடிய வாந்திபேதியினின்று தப்பிச் சிம்லாவில் உடல் தேறிவரும் வேளையில், அம்முகம் அவர் அகக்கண் முன் மீண்டும் தோன்றிற்று; தோன்றிய முகம் கிறிஸ்துவின் முகமாக மாறிற்று. எளியவருள் எளியவருக்குச் செய்வது எதுவோ அது இறைவனுக்கே செய்வது என்னும் திருமறைக் கருத்தை, நூலில் படித்த நிலையிலிருந்து நேரில் கண்ட நிலைக்கு அவர் உயர்ந்தார். அந்நாளிலேயே பிஜித் தீவுக்குச் செல்வதென முடிவு செய்தார்.

பிஜித் தீவில்

பிஜித் தீவுக்கு 1879 முதல் 1916 வரை ஏறத்தாழ 60,000 இந்தியர் கொண்டு செல்லப்பட்டனர். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஆட்கள் ஏற்றப்பட்டனர். ஐந்தாண்டு ஒப்பந்தம்; குறித்த வேலையை முடிக்கத் தவறினால், அது குற்றமாகக் கருதப்பட்டுத் தண்டனை விதிக்கப்படும். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற கணக்கில் ஆள் அனுப்பும் விதி, குடும்ப வாழ்வை வேரறுத்தது. அங்குத் துன்புற்ற பெண்களை நினைந்து பாரதியார் கண்ணீர் மல்கப் பாடியதைத் தமிழுலகம் அறியும்.

1915இன் இறுதியில் ஆண்ட்ரூஸும் பியர்சனும் அத்தீவை அடைந்தனர். சர்க்கார் அனுப்பிய விசாரணையாளராக அவர்கள் செல்லவில்லை; தம் மனச்சான்று அனுப்பச் சென்றனர். கூலிகள் வாழ்ந்த குடியிருப்புகளில் புகுந்து விசாரித்தனர். தோட்ட முதலாளிகளையும் அதிகாரிகளையும் கண்டு அவர்கள் தரப்பையும் கேட்டனர். ஒப்பந்தக் கூலிகளிடையே தற்கொலை சென்னை மாகாணத்தில் இருந்ததைவிடப் பல மடங்கு மிகுந்திருந்ததைச் சர்க்கார் புள்ளிகளைக் கொண்டே எடுத்துக்காட்டினர். வசைமொழி இன்றி, சான்றும் எண்ணும் அடுக்கி எழுதப்பட்ட அவ்வறிக்கை 1916இல் வெளிவந்தது. அதே ஆண்டு மார்ச்சு மாதத்தில் பண்டித மாளவியா சட்டசபையில் ஒப்பந்தக் கூலிமுறையை ஒழிக்கத் தீர்மானம் கொணர்ந்தார். வைஸ்ராய் ஹார்டிஞ்சு பிரபு அதனை ஏற்றார். நாடு மகிழ்ந்தது.

ஆனால், வாக்களிப்பது வேறு, வாக்கைக் காப்பது வேறு. வேறு ஏற்பாடு அமையும்வரை இன்னும் ஐந்தாண்டுகள் ஆள் சேர்ப்பு நடைபெறும் என்று லண்டனில் முடிவு செய்யப்பட்டிருப்பதை ஆண்ட்ரூஸ் பின்னர் அறிந்தார். விழா முடிந்தது என்று ஊரார் கலைந்து சென்றபின், கணக்கேட்டைத் திறந்து பார்க்க ஒருவராவது வேண்டும். அவ்வொருவராக அவர் இருந்தார். ஊர் ஊராகச் சென்று அவர் செய்தியைப் பரப்பினார். நாடெங்கும் கிளர்ச்சி எழுந்தது. இந்தியப் பெண்மணிகளின் தூதுக்குழு வைஸ்ராயைக் கண்டு முறையிட்டது. 1917ஆம் ஆண்டு மார்ச்சில் ஆள் சேர்ப்பு நிறுத்தப்பட்டது.

அதனோடும் அவர் ஓயவில்லை. ஏற்கெனவே ஒப்பந்தத்தில் சிக்கியோரின் கதி என்ன என்று கேட்டு அவ்வாண்டே மீண்டும் பிஜிக்குச் சென்றார். ஆஸ்திரேலிய மாதர் சங்கங்கள் பெண்மணி ஒருவரை அனுப்பித் தனியே விசாரித்தன. அவருடைய அறிக்கையும் ஆண்ட்ரூஸ் கூறியதையே உறுதி செய்தது. இறுதியில், 1920ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், பிஜியில் எஞ்சியிருந்த ஒப்பந்தங்கள் யாவும் இரத்துச் செய்யப்பட்டன.

பஞ்சாபும் சாந்த்பூரும்

1919 ஏப்ரல் 13ஆம் நாள் அமிர்தசரஸில் ஜாலியன்வாலா பாக் படுகொலை நிகழ்ந்தது. பஞ்சாபில் இராணுவச் சட்டம் அமுலாகி, செய்திகள் வெளிவராமல் தடுக்கப்பட்டன. உண்மையைக் கண்டறியச் சென்ற ஆண்ட்ரூஸை அமிர்தசரஸில் காவலில் வைத்துத் திருப்பியனுப்பினர். தடை நீங்கியதும் மீண்டும் சென்றார். பல வாரங்கள் ஊர் ஊராகச் சுற்றிச் சாட்சியங்களைத் திரட்ட உதவினார். கசையடி பட்ட சீக்கியர் ஒருவரின் பாதத்தைத் தொட்டுத் தம் இனத்தார் சார்பில் அவர் மன்னிப்பு வேண்டினார் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுவர். பேரரசு தன் தவற்றுக்கு நொண்டிச் சமாதானம் தேடிக்கொண்டிருந்த வேளையில், அப்பேரரசின் குடிமகன் ஒருவன் புழுதியில் குனிந்து அதன் கடனைத் தன் கடனாக ஏற்றான்.

1921இல் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் கூலி போதாமையால் உயிர் வாழ இயலாத ஆயிரக்கணக்கான தொழிலாளர் தோட்டங்களை விட்டு வெளியேறி, வங்காளத்தின் சாந்த்பூர் ஆற்றுத்துறையில் வந்து தேங்கினர். மே மாதம் 20ஆம் நாள் இரவு, ரயில் நிலையத்தில் உறங்கிக் கிடந்த அவர்களைக் கூர்க்காப் படையினர் அடித்து விரட்டினர். பின்னர் வாந்திபேதி பரவியது. ஆண்ட்ரூஸ் அங்கே விரைந்து நோயுற்றோரைப் பேணினார். அவர்களை ஊர் சேர்க்கப் பொருளுதவி செய்யுமாறு அரசாங்கத்தை வேண்டினார். முதலாளி தொழிலாளி பிணக்கில் அரசு நடுநிலை வகிக்கும் என்ற விடையே கிடைத்தது. வலியவனுக்கும் மெலியவனுக்கும் இடையே கைகட்டி நிற்பது நடுநிலை ஆகாது என்பதை ஆண்ட்ரூஸ் அறிந்திருந்தார். அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் 1925இலும் 1927இலும் அவரைத் தலைவராகத் தேர்ந்தது. அபினி விற்று அரசாங்கம் வருவாய் ஈட்டிய கொடுமையையும் அவர் கேள்விக்குள்ளாக்கினார்.

இங்கே அவருடைய தந்தையாரின் பிரார்த்தனை மீண்டும் நினைவுக்கு வருகின்றது. 1921இன் இறுதியில் கென்யாவில் இந்தியரின் உரிமைக்காக வாதாடச் சென்றபோது, வெள்ளைக் குடியேறிகள் சிலர் ரயில் வண்டியில் புகுந்து, அவருடைய தாடியைப் பற்றி இழுத்துத் தாக்கினர். அவர்கள்மீது வழக்குத் தொடுக்க அவர் இசையவில்லை. கூலி ஒருவனின் முதுகில் விழுந்த அடிக்காகக் கடல் கடந்து சென்று கணக்குக் கேட்டவர், தம் மேனியில் விழுந்த அடியைக் கணக்கில் சேர்க்கவேயில்லை.

நண்பரையும் கேட்டவர்

மாற்றாரைக் குறை கூறுவது எளிது. அது பல வேளைகளில் கைதட்டலையும் பெற்றுத் தரும். தாம் மிக நேசிக்கும் தலைவரிடம் தவறு காணும்போது அதனை எடுத்துரைப்பதே அரிது. காந்தியடிகளை ஆண்ட்ரூஸ் மோகன் என்று உரிமையுடன் அழைக்கும் நண்பர். அடிகளுக்கு அவர் சார்லி. ஆயினும் 1918இல் காந்தியடிகள் போருக்கு ஆள் சேர்க்க முற்பட்டபோது, அஹிம்சைக்கு அது பொருந்துமோ என்று ஆண்ட்ரூஸ் வாதிட்டார். 1921இல் அந்நியத் துணிகளைக் குவித்துக் கொளுத்தும் இயக்கம் பரவியபோது, ஏழை எளியோர் ஆடையின்றி வாடும் நாட்டில் துணியை எரிப்பது அடாது, அது பகைமையை வளர்க்கும் என்று அடிகளுக்கு எழுதினார். அடிகள் அக்கடிதத்தைத் தம் யங் இந்தியா பத்திரிகையிலேயே வெளியிட்டு, தம் விடையையும் உடன் எழுதினார். இருவரும் உடன்படவில்லை, நட்பு மட்டும் குன்றவில்லை. 1924இல் இந்து முஸ்லிம் ஒற்றுமைக்காகத் தில்லியில் அடிகள் 21 நாள் உண்ணாநோன்பு இருந்தபோது, அருகிருந்து பேணியவர் ஆண்ட்ரூஸே. கேட்கத் துணிந்த நண்பரும் கேட்க இடம் கொடுத்த தலைவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தது நம் நாட்டின் நற்பேறு.

தம் சமயத்தினிடமும் அவர் இவ்வாறே நடந்துகொண்டார். மாற்றுச் சமயத்தார்க்கு மீட்பில்லை என்று கூறும் பழைய கோட்பாட்டை உதட்டளவில் ஓத மனம் ஒவ்வாமையால், 1914இல் குருத்துவப் பணியைத் துறந்து, கவியரசர் தாகூரின் சாந்திநிகேதனத்தில் சென்று அமர்ந்தார். ஆனால் கிறிஸ்துவை அவர் ஒருநாளும் துறக்கவில்லை. 1936இல் மீண்டும் குருவாகப் பணியேற்றார்.

இறுதி

மணம் புரியாமல், தமக்கென்று எதுவும் சேர்த்து வைக்காமல், கொடுத்த ஆடையையும் எவருக்கேனும் கொடுத்துவிட்டு வந்து நிற்கும் இயல்பினரான ஆண்ட்ரூஸ், 1940ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் கல்கத்தாவில் காலமானார். அந்நகரிலேயே அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. நாடு விடுதலை பெற்றதைக் காண அவர் உயிரோடில்லை. 1971இல், அவர் பிறந்த நூற்றாண்டில், சுதந்திர இந்தியா அவர் உருவம் பொறித்த தபால் தலையை வெளியிட்டது.

நாமும் ஊர் விட்டு வந்தவர்களே. நம் முன்னோர் கப்பலின் அடித்தளத்தில் கண்ணீருடன் சென்றனர். நாமோ உத்தியோக உத்தரவைக் கையில் பிடித்து, ரயிலில் ஏறி வந்தோம். அவர்களுக்காகக் கேட்க அந்நாளில் அயலார் ஒருவர் வேண்டியிருந்தது. இன்று ஆள்வோரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையே நம்மிடம் உள்ளது. ஆகவே கணக்குக் கேட்கும் கடமையும் நம்முடையதே. ஆண்ட்ரூஸ் கேட்ட முறையையும் நாம் மனத்திற் கொள்ளல் வேண்டும். அவர் முதலில் தம் வீட்டைக் கேட்டார். பின் தம் இனத்தைக் கேட்டார். தம் நண்பரையும் கேட்டார். சான்றின்றி எதையும் கூறவில்லை. வாக்குப் பெற்றபின்னும் உறங்கவில்லை. கேட்கும்போதும் அன்பை இழக்கவில்லை.

நம் குடியிருப்பின் கட்டடங்களில் புதிதாகக் குடிவந்த துப்புரவுத் தொழிலாளியின் குடும்பமோ, வீடு கட்ட வந்த வெளியூர்க் கூலியின் குழந்தையோ நம் கண்ணில் படும்போது, அவர்களுக்குச் சேரவேண்டியது சேர்ந்ததா என்று ஒரு சொல் கேட்போமாக. அடுத்த முறை ஆண்ட்ரூஸ் கஞ்சைக் கடக்கும்போது, அது யார் பெயர் என்று நம் பிள்ளைகள் கேட்டால், தயங்காமல் விடை கூறுவோமாக. தீனபந்துவின் புகழ் ஓங்குக!